நைலான் நரம்புப் புல்வெட்டி: பழுதின் அறிகுறியிலிருந்து நல்ல இயந்திரத்தை அறிவது

புல்வெளியின் ஓரங்களையும் மரத்தடியையும் சுவரோரத்தையும் சீர்செய்வதற்காக வாங்கப்படும் நைலான் நரம்புப் புல்வெட்டி, பெரும்பாலும் முற்றிலும் உடைந்து போவதால் ஒதுக்கப்படுவதில்லை. ஏதோ ஒரு சிறிய பாகம் தேய்ந்தோ அடைத்தோ போன நிலையில், அது எந்தப் பாகம் என்று தெரியாமலோ, தெரிந்தும் அதை மாற்ற வழியில்லாமலோதான் மூலையில் சாத்தி வைக்கப்படுகிறது. புதிதாக வாங்குபவர்கள் என்ஜினின் சிசி அளவையும் பேட்டரியின் வோல்ட் எண்ணையும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவை தேவையான விவரங்கள்தான் என்றாலும், இயந்திரம் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதை அவை சொல்வதில்லை. நரம்பு, அது சுற்றியிருக்கும் ஸ்பூல், என்ஜினின் சுழற்சியைத் தண்டோடு இணைக்கும் கிளட்ச், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் டயஃபிரம், ஏர் ஃபில்டர் என்று இதில் உள்ள பாகங்களில் பாதி, தேய்வதற்கென்றே வைக்கப்பட்டவை. ஆகவே, தேயும் பாகத்தைத் திறந்து பார்க்கவும், தனியாக வாங்கி மாற்றவும் முடிகிற இயந்திரமே நீடித்து உழைக்கும் இயந்திரம் என்பது என் உறுதியான கருத்து. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணத்தையும் சரிசெய்யும் முறையையும் கூறும் இடத்திலேயே, அந்தப் பழுது புதிய இயந்திரம் வாங்கும்போது எதைப் பார்க்கச் சொல்கிறது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் என்ஜினை அணைத்து ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். பேட்டரி இயந்திரமானால் பேட்டரியை உருவி எடுத்துவிட வேண்டும். மின்கம்பியில் ஓடுவதானால் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். சோதனைக்காக மீண்டும் ஓட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், மற்றவர்களை 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வதும் கட்டாயம்.

நரம்பு அடிக்கடி அறுந்து விழுகிறது

முதலில் நரம்பு எந்த இடத்தில் அறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் காரணம் அந்த இடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நுனி மட்டும் தேய்ந்து குறைந்துகொண்டே வந்தால், இயந்திரத்தில் குறையில்லை. பிடிக்கும் முறையில்தான் குறை. வெட்டும் வட்டத்தின் விட்டம் 40 செ.மீ. என்றும் நரம்பைச் சுழற்றும் தலைப்பகுதி நிமிடத்துக்கு 7,000 முறை சுழல்கிறது என்றும் வைத்துக்கொண்டால், நரம்பின் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 146 மீட்டர், அதாவது மணிக்கு 500 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் சிமெண்ட் சுவரையோ கம்பி வேலியையோ தொடும் நரம்பு, அரத்தில் தேய்த்ததுபோல் கரைந்துவிடும். சுவரிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் பிடித்து, நுனியால் மட்டும் வெட்டப் பழகினாலே நரம்பின் செலவு வெகுவாகக் குறையும். மரத்தடியிலும் அதே இடைவெளியை விட வேண்டும். நரம்பு பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் இளமரம் பட்டுப்போகும்.

தலைப்பகுதியை ஒட்டியே அறுந்தால், நரம்பு வெளிவரும் துளை வளையத்தைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து, அதன் உள் விளிம்பில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நல்ல வளையத்தில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். தேய்ந்த வளையத்தில், நரம்பு எப்போதும் சாய்ந்து அழுந்தும் பக்கத்தில், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகம் அங்கே சிக்கும். அந்தப் பள்ளத்தின் ஓரம் கத்திபோல் நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும். உலோக வளையமானால் பாதி சுற்று திருப்பிப் பொருத்தித் தேயாத பக்கத்தைப் பயன்படுத்தலாம், அல்லது வளையத்தை மட்டும் மாற்றலாம். வளையமே இல்லாமல் பிளாஸ்டிக் உறையில் நேரடியாகத் துளையிட்ட தலைப்பகுதியில் இதற்கு வழியில்லை. முழுத் தலைப்பகுதியையும் மாற்ற வேண்டும். வாங்கும்போது, கழற்றக்கூடிய உலோக வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

நரம்பு எந்த இடத்தில் என்றில்லாமல் துண்டு துண்டாகச் சிதறினால், அது உலர்ந்து இறுகியிருக்கிறது. நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரப்பதம் இருக்கும்வரை வளைந்து கொடுக்கும், வறண்டுவிட்டால் முறியும். ஒரு துண்டை விரல்களுக்கிடையே நன்றாக மடித்துப் பார்க்கும்போது அது வளையாமல் பட்டென்று முறிந்தால், சுருளை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு சுற்றலாம். வெயில் படும் இடத்தில் வருடக்கணக்கில் கிடந்த நரம்பு ஊறவைத்தாலும் மீளாது.

தடித்த நரம்பு போட்டால் அறுகாது என்று நினைப்பது, இயந்திரத்தின் ஆயுளைக் குறைக்கும் தவறுகளில் முதன்மையானது. சிறிய பேட்டரி இயந்திரங்களுக்கு 1.6 மி.மீ. அளவும், வீட்டுப் பயன்பாட்டுக்கான பெரும்பாலான என்ஜின்களுக்கு 2.0 முதல் 2.4 மி.மீ. வரையிலான அளவும் பொருந்தும். கையேட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவே முடிவானது. 2.4 மி.மீ. நரம்புக்குப் பதிலாக 3 மி.மீ. நரம்பு போட்டால் அதே நீளத்தின் எடை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ஸ்பூலில் கொள்ளும் நீளமோ குறைகிறது. என்ஜின் உரிய சுழற்சி வேகத்தை எட்ட முடியாமல் திணறும், கிளட்ச் முழுமையாகப் பிடிக்காமல் வழுக்கிச் சூடாகும்.

இதைவிடக் கெடுதலானது, சுழலும் நரம்புக்கு மேலே இருக்கும் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம். தகட்டின் ஓரத்தில் இருக்கும் சிறிய கத்திதான், கூடுதலாக வெளிவந்த நரம்பை உரிய நீளத்துக்கு வெட்டிவிடுகிறது. அது இல்லாவிட்டால் 40 செ.மீ. வட்டம் எளிதாக 50 செ.மீ. ஆகிவிடும். பார்வைக்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் சுழலும் நரம்புக்குக் காற்று தரும் எதிர்ப்பு முறுக்கம், ஆரத்தின் நான்காம் அடுக்காகக் கூடுவதால், அதே சுழற்சி வேகத்தைத் தக்கவைக்க என்ஜின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு உழைக்க வேண்டியிருக்கும். கிளட்ச் கருகிய இயந்திரத்தில் தகடு இருக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

தரையில் தட்டினாலும் நரம்பு நீள்வதில்லை

தலைப்பகுதியைத் தரையில் தட்டினால் நரம்பு நீளும் அமைப்பில், நரம்பை வெளியே இழுப்பது சுழற்சியின் மையவிலக்கு விசைதான்; தட்டுவது ஸ்பூலின் பூட்டை ஒரு கணம் விடுவிக்க மட்டுமே. எனவே வெளியே நீட்டியிருக்கும் நரம்பு இரண்டு விரல் அளவுக்கும் குறைவாகத் தேய்ந்துவிட்டால், எத்தனை முறை தட்டினாலும் இழுக்கும் வலு அதற்கு இருக்காது. என்ஜினை அணைத்து, தலைப்பகுதியின் அடியிலுள்ள குமிழை அழுத்திக்கொண்டு, இரு பக்கமும் கையால் இழுத்துவிட்டால் போதும். பலர் இந்த நிலையில் தலைப்பகுதியைத் தரையில் ஓங்கி ஓங்கிக் குத்திக் குமிழை உடைத்துவிடுகிறார்கள்.

கையால் இழுத்தும் வரவில்லையென்றால் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே நரம்பு ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஏறிச் சுற்றப்பட்டிருந்தால் சிக்கல் அதுவே. குறுக்காக ஏறவில்லை, ஆனாலும் வரவில்லை என்றால், அடுத்தடுத்த இரண்டு சுற்றுகள் தொடும் இடங்களை உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே கண்ணாடிபோல் மின்னும் சிறிய புள்ளிகள் தெரிந்தால், நரம்பு ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கிறது. தளர்வாகச் சுற்றிய நரம்பு, ஓடும்போது உள்ளே அதிர்ந்து உரசிக்கொண்டே இருக்கும்; அந்த உராய்வின் சூட்டில் நைலான் இளகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ஸ்பூலில் பொறித்திருக்கும் அம்புக்குறியின் திசையில், இறுக்கமாக, ஒரு வரிசை முடிந்த பின்பே அடுத்த வரிசை என்று அடுக்கிச் சுற்ற வேண்டும். விளிம்புவரை நிரப்பாமல் சற்றே இடம் விட வேண்டும். மூடுவதற்கு முன், உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணையும் புல் கூழையும் துடைத்து, ஸ்பிரிங் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். திறக்கும்போது புல்லில் தெறித்து விழுந்து தொலைந்துபோவது அதுதான்.

நான் முதலில் வாங்கிய இயந்திரத்தின் நரம்பு தானாகவே நீளும் வகையைச் சேர்ந்தது. ஸ்பூலும் உறையும் சேர்ந்த ஒரே பெட்டியாகத்தான் உதிரிபாகம் கிடைத்தது. நரம்பு தீர்ந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும். சில ஆண்டுகளில் அந்தப் பெட்டியின் தயாரிப்பு நின்றுபோனது. மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே இயந்திரம் பயனற்றுப் போனது. அன்றிலிருந்து, எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண நரம்பைச் சுற்றிக்கொள்ள முடியாத தலைப்பகுதியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. இயந்திரத்தின் தண்டு நுனியில் பரவலாகப் பயன்படும் மரை இருந்தால், வேறு தயாரிப்பாளரின் தலைப்பகுதியையும் பொருத்தலாம். கியர்பாக்ஸ் உள்ள நேர்தண்டு இயந்திரங்களில் 10 மி.மீ. குறுக்களவும் 1.25 மி.மீ. புரியிடைவெளியும் கொண்ட இடது மரை மிகப் பரவலானது. இடது மரை என்பதால் கழற்றும்போது வழக்கத்துக்கு மாறாக வலப்புறம் திருப்ப வேண்டும் என்பதை நினைவில் கொள்ளாதவர்கள், மேலும் மேலும் இறுக்கி மரையைச் சிதைத்துவிடுகிறார்கள்.

தலைப்பகுதியைத் திறக்காமலே, நரம்பை ஒரு துளையில் நுழைத்து மறு துளையில் வெளியே எடுத்து, குமிழைத் திருகிச் சுற்றிக்கொள்ளும் வகை இப்போது கிடைக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு நான் முதலிடம் தருவது அதற்கே. கற்களும் முள்வேலியும் நிறைந்த இடத்துக்கு, வெட்டிய துண்டு நரம்புகளைச் செருகும் நிலைத்த தலைப்பகுதி பொருத்தமானது. அதில் ஸ்பிரிங்கும் இல்லை, ஸ்பூலும் இல்லை. 1971இல் ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் இந்தக் கருவியை உருவாக்கியபோது, கார் கழுவும் நிலையத்தின் சுழலும் தூரிகைகளைக் கண்டு, ஒரு தகர டப்பாவில் துளையிட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்தே சோதித்துப் பார்த்தார். அந்த எளிமைக்கு அருகில் இருக்கும் தலைப்பகுதியில் பழுதாவதற்கான பாகங்களும் குறைவு.

கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் என்ஜின் கிளம்பவில்லை

ஓய்வில் இருந்த டூ ஸ்ட்ரோக் என்ஜின் (பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் வகை) கிளம்பாவிட்டால், எரிபொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் கலந்த பெட்ரோல் ஒரு மாதத்துக்கு மேல் டேங்கில் கிடந்தால் அதன் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். எத்தனால் கலந்த பெட்ரோலானால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பழையதை முழுவதும் வடித்துவிட்டுப் புதியதைக் கலந்து ஊற்ற வேண்டும். கலவை விகிதம் 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய், 40:1 என்றால் 25 மி.லி.; 25:1 என்றால் 40 மி.லி. கண் மதிப்பில் ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்தே ஊற்ற வேண்டும். எண்ணெய் கலக்காத பெட்ரோலைத் தவறுதலாக ஊற்றி ஓட்டினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் உராய்ந்து இறுகிவிடும். இந்தத் தவறுக்கு மீட்சி இல்லை. கலந்த பெட்ரோல் வைக்கும் கேனில் விகிதத்தையும் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைப்பது அவசியம்.

அடுத்து, பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு இழுக்கும் சிறு குமிழான பிரைமர் பல்பை அழுத்திப் பார்க்க வேண்டும். சில அழுத்தங்களில் அது எரிபொருளால் நிரம்பி இறுக வேண்டும். காற்று மட்டுமே வந்துகொண்டிருந்தால், பல்பு வெடித்திருக்கும், அல்லது டேங்கினுள் செல்லும் குழாய் கீறியிருக்கும், அல்லது குழாயின் முனையிலுள்ள ஃபில்டர் கழன்று டேங்கின் அடியில் கிடக்கும். ஒரு கம்பியின் முனையைக் கொக்கிபோல் வளைத்து ஃபில்டரை மேலே இழுத்து எடுத்துவிடலாம்.

எரிபொருள் ஏறுகிறது, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். பிளக் நனைந்திருந்தால் என்ஜினுக்குள் பெட்ரோல் மிகுதியாகச் சென்றிருக்கிறது. பிளக் இல்லாத நிலையிலேயே, காற்று வழியை அடைக்கும் சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டு கயிற்றை எட்டுப் பத்து முறை இழுத்து, உள்ளே உள்ளதை வெளியேற்ற வேண்டும். பிறகு பிளக்கைத் துடைத்துப் பூட்டி, சோக் இல்லாமல் முயல வேண்டும். பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் என்ஜினை எட்டவில்லை. கார்புரேட்டரின் டயஃபிரம் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த மெல்லிய தகடு வளைந்து கொடுத்து அசைந்தால்தான் பெட்ரோலை இழுக்க முடியும். விரலால் மெல்லத் தொட்டால் துணிபோல் நெகிழாமல் காய்ந்த இலைபோல் மொரமொரக்குமானால், கேஸ்கெட்டுகளுடன் சேர்த்து அதை மாற்றிவிட வேண்டும்.

பிளக்கின் நிறத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. இளம் பழுப்பு நிறம் ஆரோக்கியத்தின் அடையாளம். கரிய மெழுகுபோல் படிந்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது எண்ணெய் மிகுந்திருக்கிறது. வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தால், காற்றோடு கலந்து உள்ளே செல்லும் பெட்ரோல் குறைந்து என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது; இந்த நிலையில் தொடர்ந்து ஓட்டக் கூடாது. முனைகளின் இடைவெளி பல இயந்திரங்களில் 0.6 முதல் 0.7 மி.மீ. வரை இருக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியென்றால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் தரும் அழுத்தத்தை, சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிளக் பூட்டிய நிலையில், அதன் மூடியை மாட்டாமல், இயந்திரத்தை ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியில் மட்டும் தொங்கவிட வேண்டும். நல்ல என்ஜின் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, விட்டு விட்டு மெதுவாக இறங்கும். தடையே இல்லாமல் சரசரவென்று கீழே போனால், பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. எளிதாக இழுப்பதற்கென்று துணை ஸ்பிரிங் வைத்த ஸ்டார்ட்டரில் மட்டும் இந்தச் சோதனை சரியாக விடை தராது.

இந்தப் பழுதிலிருந்து வாங்குபவர் அறிய வேண்டியது: பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் கருவியின்றியோ ஒரே ஒரு ஸ்பேனரைக் கொண்டோ எட்ட முடிய வேண்டும். பிளக்கைத் தொடுவதற்கே நான்கு திருகுகளைக் கழற்றி உறையை நீக்க வேண்டிய இயந்திரத்தில், யாரும் பிளக்கைப் பார்ப்பதே இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் வகையில் கலவைத் தொல்லை இல்லை. ஆனால் எண்ணெய் மட்டத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கவும், வால்வு இடைவெளியை அவ்வப்போது சரிசெய்யவும் வேண்டும். அதைச் செய்யும் பொறுமை இல்லாதவருக்கு அது நீடித்த தேர்வு அல்ல.

கிளம்புகிறது, ஆனால் ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறுகிறது

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து, ஸ்பாஞ்சானால் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்கு உலர்த்திப் பொருத்த வேண்டும். டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தியவுடன் என்ஜின் தெளிவடைந்தால், டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தியதும் சோதனை முடிந்தது. தளர்த்திய மூடியோடு வேலை செய்யக் கூடாது.

மூன்றாவது காரணத்தைப் பெரும்பாலோர் அறிவதில்லை. சைலன்சரின் வாயில் தீப்பொறியைத் தடுக்கும் ஒரு நுண்ணிய கம்பி வலை பல இயந்திரங்களில் உண்டு. எண்ணெய் எரிந்த கரி அதில் படிந்து அடைத்துக்கொண்டால், புகை வெளியேற முடியாமல் என்ஜின் மூச்சுத் திணறும். குறைந்த வேகத்தில் அழகாக ஓடும், ஆக்சிலேட்டர் கொடுத்தவுடன் அமுங்கும். கார்புரேட்டரையே மாற்றிய பிறகும் சரியாகாத ஓர் இயந்திரம் என்னிடம் வந்தது. சைலன்சரிலிருந்து எடுத்த வலை கட்டை விரல் நகத்தளவுதான் இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது ஒரு கண் வழியாகக்கூட ஒளி வரவில்லை. தார் பூசிய தகடுபோல் இருந்தது. உலோகத் தூரிகையால் தேய்த்து ஒவ்வொரு கண்ணும் தெரியும்வரை சுத்தம் செய்து பொருத்தியதும் பழைய இழுவை திரும்பியது. கார்புரேட்டரின் திருகுகளைத் தொடுவதற்கு முன் இந்த வலையைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். முழு வேகத்துக்கான திருகை அறியாமல் இறுக்கினால் பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் குறைந்து, பிஸ்டன் கீறிவிடும்.

சூடான பிறகு நின்று, ஆறிய பிறகே கிளம்புகிறது

சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விப்புத் தகடுகளில் புல் தூள் அடைந்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், நின்ற உடனேயே பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் பொறி இல்லாமல், ஆறியதும் வருமானால் இக்னிஷன் காயிலை மாற்றுவதே தீர்வு.

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் தலைப்பகுதி சுழல்கிறது, அல்லது என்ஜின் ஓடியும் சுழலவில்லை

இரண்டும் எதிர் எதிரான அறிகுறிகள் என்றாலும், பார்க்க வேண்டிய பாதை ஒன்றே: கிளட்ச், தண்டு, கியர்பாக்ஸ். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும்போது, இத்தகைய என்ஜின்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 முதல் 3,000 சுற்றுகள் ஓடும். கிளட்ச் அதற்கு மேற்பட்ட வேகத்தில்தான் பிடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டும் தலைப்பகுதி சுழன்றால், ஐடிலிங் திருகைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். என்ஜின் அணையும் நிலைவரை குறைத்தும் சுழன்றால் கிளட்ச் ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது. அதை மாற்றும்வரை இயந்திரத்தைப் பயன்படுத்துவது ஆபத்து.

என்ஜின் இரைகிறது, தலைப்பகுதி சுழலவில்லை என்றால் தண்டினுள் சிக்கல் இருக்கலாம். வளைதண்டு இயந்திரத்தில் விசையைக் கடத்துவது வளையக்கூடிய கம்பி வடம். அது வளைவில் ஓயாமல் உராய்வதால் கிரீஸ் வற்றிய பின் சூடேறி, முனையின் சதுர வடிவம் தேய்ந்து வழுக்கும், அல்லது முறுகி அறுந்துவிடும். நேர்தண்டு இயந்திரங்களில் தரமானவை திடமான எஃகுக் கம்பியையும், அடியில் கியர்பாக்ஸையும் கொண்டவை. ஆனால் வெளியே நேராகவும் உள்ளே வடமாகவும் இருக்கும் மலிவான இயந்திரங்களும் உண்டு என்பதால், வாங்கும்போது இதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம் என்றால் நான் கேட்பது இதைத்தான். எஃகுக் கம்பியும் இரு பேரிங்குகளும் உள்ள தண்டு, அதே என்ஜினோடு வடம் வைத்த தண்டைவிடப் பல மடங்கு உழைப்பைத் தாங்கும். வட்டக் கத்தி பொருத்தும் எண்ணம் இருந்தாலும், உற்பத்தியாளர் அனுமதித்த நேர்தண்டு இயந்திரத்தில் மட்டுமே அது பாதுகாப்பானது.

கியர்பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். ஏறத்தாழ 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி லித்தியம் கிரீஸை அளவாக ஏற்ற வேண்டும். திணித்து நிரப்பினால் சூடேறி சீல் வழியே கசியும். வட வகையிலும் அதே இடைவெளியில் வடத்தை உருவி, துடைத்து, மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவிச் செருக வேண்டும். கிரீஸ் ஏற்றும் திருகே இல்லாத கியர்பாக்ஸையும், உருவ முடியாதபடி அடைத்த வடத்தையும் கண்டால், வேறு இயந்திரத்தைப் பார்ப்பது நல்லது.

கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்கிறது

அதிர்வு திடீரென்று தோன்றியதானால் காரணம் பெரும்பாலும் எளியது: இரு பக்க நரம்புகளில் ஒன்று குறைந்திருக்கும், அல்லது தலைப்பகுதிக்குள் ஒரு பக்கமாகப் புல் அடைந்திருக்கும். சிறிது சிறிதாகக் கூடி வந்ததானால், இயந்திரத்தை நிறுத்தித் தலைப்பகுதியை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. என்ஜினுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள ரப்பர்கள் வெடித்திருந்தாலும் அதிர்வு கைக்கு ஏறும். அதிர்வைப் பொறுத்துக்கொண்டு வேலையை முடிப்பது சரியல்ல. நீண்ட காலத்தில் அது விரல்களின் இரத்த ஓட்டத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதி, எட்டு மணி நேர வேலைநாளில் கைக்கு ஏறும் அதிர்வின் முடுக்கத்துக்கு, விநாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தடுப்பு நடவடிக்கை தொடங்க வேண்டிய அளவாகவும், 5 மீட்டரை மீறக்கூடாத அளவாகவும் வைத்திருக்கிறது. பல கையேடுகளில் அதிர்வு மதிப்பு அச்சிடப்பட்டிருப்பதால், இரண்டு இயந்திரங்களை ஒப்பிடும்போது அந்த எண்ணையும் ஒப்பிடலாம்.

தலைப்பகுதியில் புல் சுற்றிக்கொள்கிறது

உயர்ந்த புல்லை அடியில் வெட்டுவதே காரணம். மேலிருந்து கீழாக இரண்டு மூன்று தவணையாக, முழு வேகத்தில் வெட்ட வேண்டும். சுற்றிய புல்லை அப்படியே விட்டால் அது கியர்பாக்ஸின் சீலுக்குள் புகுந்து பேரிங்கைக் கெடுக்கும்.

பேட்டரி இயந்திரம் பாதி வேலையில் நின்றுவிடுகிறது

பேட்டரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் அதன் பாதுகாப்புச் சுற்று தானாகவே மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது. நிழலில் ஆறவிட்டபின் மீண்டும் ஓடும். அடிக்கடி இப்படி நின்றால், தடித்த நரம்பு, நீளமான நரம்பு, தலைப்பகுதியில் சுற்றிய புல் ஆகிய மூன்றில் ஒன்று மோட்டாருக்குச் சுமையாகிறது. சூடில்லாமலே, முழுவதும் சார்ஜ் ஏற்றிய சில நிமிடங்களில் நின்றால், உள்ளிருக்கும் செல்களில் ஒன்று தளர்ந்திருக்கலாம். அதே வகை வேறு பேட்டரியைப் பொருத்திப் பார்ப்பதே மோட்டாரையும் பேட்டரியையும் பிரித்தறியும் நேரடி வழி.

வாங்கும்போது வோல்ட் எண்ணை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் என்றும் விற்கப்படும் பேட்டரிகள் இரண்டிலுமே வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் செல்கள்தான் உள்ளன. ஒன்று சராசரி மதிப்பையும் மற்றொன்று முழுச் சார்ஜின் மதிப்பையும் குறிப்பிடுகிறது. 36 வோல்டுக்கும் 40 வோல்டுக்கும் இடையிலான வேறுபாடும் அத்தகையதே. வோல்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி வரும் வாட்-மணியைத்தான் ஒப்பிட வேண்டும். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் 72 வாட்-மணி. 36 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் 144 வாட்-மணி. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டாரில் தேயும் தொடுமுனைகள் இல்லாததால் அது கூடுதல் விலைக்குத் தகுதியானது. மோட்டார் எத்தனை காலம் உழைத்தாலும் பேட்டரி அதற்கு முன்பே முதுமையடையும் என்பதால், பேட்டரி தனியாக விற்கப்படுகிறதா, அதே தயாரிப்பாளரின் மற்ற கருவிகளுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைக்கும்போது பாதியளவு சார்ஜில், வெப்பமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது.

மின்கம்பியில் ஓடும் இயந்திரம் வேகம் குறைந்து சூடானால், நீட்டிப்பு வயர் மெலிந்ததா, அளவுக்கு மீறி நீண்டதா என்பதைப் பார்ப்பது போதுமானது. சுருட்டிய நிலையில் உள்ள வயரை முழுவதும் விரித்தே பயன்படுத்த வேண்டும்.

பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா

டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் இந்தக் கேள்விக்கான விடை சைலன்சருக்குப் பின்னால் இருக்கிறது. ஆறிய என்ஜினிலிருந்து சைலன்சரைக் கழற்றி, பிளக்கையும் எடுத்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே புகைவழியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனின் பக்கச்சுவர் தெரியும். அது வழுவழுப்பாகவோ, கடைந்தபோது விழுந்த மெல்லிய குறுக்குக் கோடுகளோடோ இருந்தால், கார்புரேட்டர், கிளட்ச், தலைப்பகுதி என எதை மாற்றினாலும் அந்தச் செலவு வீணாகாது. மேலிருந்து கீழாக ஆழமான கீறல்கள் ஓடினால் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். வீட்டு அளவு இயந்திரத்தில் அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுபடியாகாது. பயன்படுத்திய இயந்திரத்தை ஒருவரிடமிருந்து வாங்கும்போதும், விற்பவரின் அனுமதியோடு இதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். பார்த்து முடித்துச் சைலன்சரைப் பூட்டும்போது, கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதியதை வைத்தே இறுக்க வேண்டும்.